நான் எழுதிய லாங்குவேஜ் சர்வர் (எடிட்டருக்குப் பிழைக் குறிப்பு, கம்ப்ளீஷன் போன்றவற்றைத் தரும் நிரல்) ஓடுகிறது, எடிட்டரில் மட்டும் எதுவும் வருவதில்லை. ஏன்?

எந்த மொழியில் எழுதினீர்கள் என்று கேள்வியில் இல்லை. பைத்தான் என்று வைத்துக்கொள்கிறேன். முதலில் நிரலில் எங்காவது பிரின்ட் இருக்கிறதா பாருங்கள். எடிட்டர் பொதுவாக உங்கள் நிரலைத் தனி பிராசஸாகக் கிளப்பி, அதன் ஸ்டாண்டர்ட் இன்புட்டில் எழுதும், ஸ்டாண்டர்ட் அவுட்புட்டிலிருந்து படிக்கும். டீபக் செய்யப் போட்ட ஒற்றை வரி அதில் கலந்தாலும் போச்சு. லாக் எல்லாம் ஸ்டாண்டர்ட் எரருக்குத்தான் போக வேண்டும். நீங்கள் சுத்தமாக இருந்தாலும், சேர்த்த லைப்ரரி ஏதாவது தானாக அச்சிடும். அதையும் தேடுங்கள்.

அடுத்தது கன்டென்ட்-லெங்த், அதாவது ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் போகும் தலைப்பில் (ஹெடர்) அதன் நீளத்தைச் சொல்லும் வரி. அங்கே வர வேண்டியது எழுத்துகளின் எண்ணிக்கை அல்ல, யுடிஎஃப்-8 பைட்டுகளின் எண்ணிக்கை. 'வணக்கம்' என்பதற்கு பைத்தானின் லென் 7 என்று சொல்லும். பைட் கணக்கில் அது 21. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இந்தத் தவறு வெளியே தெரியாது. செய்தியின் ஜேசன் உரையை முதலில் பைட்டுகளாக என்கோட் செய்துவிட்டு நீளம் எடுங்கள். தலைப்பு முடிந்ததும் கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீடு ஜோடி இரண்டு முறை வர வேண்டும். விண்டோஸில் டெக்ஸ்ட் மோடில் எழுதினால் லைன் ஃபீடுக்கு முன்னால் இன்னொரு கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொள்ளும். பைனரி பஃபரில் எழுதி, ஒவ்வொரு செய்திக்குப் பிறகும் ஃபிளஷ் செய்யுங்கள். படிக்கும்போதும் ஒரு ரீடுக்கு ஒரு செய்தி என்று நம்பாதீர்கள். பாதியும் வரும், இரண்டு சேர்ந்தும் வரும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மௌனம் என்றால், எடிட்டர் முதலில் அனுப்பும் இனிஷியலைஸ் கோரிக்கைக்கு நீங்கள் தரும் பதிலைப் பாருங்கள். கம்ப்ளீஷன் (தட்டச்சு செய்யும்போதே வரும் பரிந்துரை) தருவேன் என்று அதில் அறிவிக்காவிட்டால் எடிட்டர் பொதுவாகக் கேட்கவே கேட்காது. கோரிக்கையோடு வந்த ஐடியை வந்தபடியே திருப்பி அனுப்புங்கள். எண்ணாக வந்ததைச் சரமாக்கினால் பொருந்தாது. ஐடி இல்லாதது நோட்டிஃபிகேஷன், அதற்குப் பதில் கூடாது. ஐடியோடு வந்த கோரிக்கைக்கோ, சொல்ல ஒன்றுமில்லை என்றாலும், ரிசல்ட் புலத்தில் நல் (null, வெறுமை) வைத்து அனுப்பியே ஆக வேண்டும். பல ஜேசன் லைப்ரரிகளில் நல் புலங்களை விட்டுவிடும் அமைப்பு உண்டு. அது இங்கே குழி பறிக்கும்.

இடக்குறிப்பு தனித் தலைவலி. வரி எண்ணும் வரிக்குள் இருக்கும் இடத்தின் எண்ணும் 0-இல் தொடங்கும். வரிக்குள் இடத்தை எண்ணுவது இயல்பாக யுடிஎஃப்-16 அலகில். 'வணக்கம்' அதில் 7, கண்ணுக்குத் தெரிவது 5, ஓர் இமோஜி பெரும்பாலும் 2. லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலின் (எடிட்டரும் சர்வரும் பேசும் நெறிமுறை) பதிப்பு 3.17 முதல் யுடிஎஃப்-8க்குப் பேசிக்கொள்ளலாம், எடிட்டர் ஒத்துக்கொண்டால்.

'லைப்ரரி இருக்க இதை ஏன் கையால் எழுத வேண்டும்' என்று கீழே யாராவது வருவார்கள். லைப்ரரி போடுங்கள், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது உடையும்போது எங்கே பார்ப்பது? 'ஏதோ தவறு நடந்தது' என்று மட்டும் காட்டிவிட்டு, உண்மையான பிழைச் செய்தியை நான்கு மெனுவுக்கு அடியில் புதைக்கும் நீட்டிப்புகளை எழுதுபவர்களும் இதே ஆட்கள்தான்.

நியோவிம் எடிட்டரின் சொந்த ஆர்பிசி (வெளி நிரல்களோடு அது பேசும் முறை) பற்றிக் கேட்டிருந்தால் மேலே உள்ள தலைப்புச் சமாச்சாரம் பொருந்தாது. அது மெசேஜ்பேக் என்ற பைனரி வடிவம், செய்தியின் வகை எண் 0 கோரிக்கை, 1 பதில், 2 நோட்டிஃபிகேஷன்.

இன்னொன்று: எடிட்டர் திடீரென்று செத்தால் ஷட்டவுன் கோரிக்கை வராது, இன்புட் மூடிக்கொள்ளும். ரீட் வெறுமையாகத் திரும்பினால் உடனே வெளியேறுங்கள். இல்லாவிட்டால் லூப் சுற்றிச் சுற்றி ஒரு சிபியு கோரை முழுதாகத் தின்னும்.