மெல்பர்னிலிருந்து ஐயோவாவுக்கு: ஒரு பண்டரைப் பின்தொடர்வது பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தின் ஹாக்கைஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு 2020 முதல் 2023 வரை பண்டராக ஆடியவர் டோரி டெய்லர். பிறந்து வளர்ந்தது ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில். அவரால் இந்த ஆட்டத்துக்குள் வந்தவர்கள் நிறையப் பேர், என் வீட்டிலேயே உண்டு. அவரைப் பற்றியும், அவரைப் போல வெளிநாட்டிலிருந்து வந்து கல்லூரி அணிகளில் ஆடுபவர்களைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, அமெரிக்கன் ஃபுட்பால் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. பண்டர் என்றால் யார்? பந்தை உதைத்துவிட்டு வெளியே போகிறவரை ஏன் பின்தொடர வேண்டும்?

தம்பி, பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும். மூன்று முயற்சியிலும் நடக்கவில்லை என்றால், பெரும்பாலும் நான்காவதைப் பணயம் வைக்காமல் பந்தை எதிரணியின் பக்கம் தூரமாக உதைத்துத் தள்ளிவிடுவார்கள். அந்த உதைதான் பண்ட், உதைப்பவர் பண்டர். மற்ற ஊர்களில் பண்டர் உள்ளே வந்தால் ஜனம் பாப்கார்ன் வாங்க எழுந்துவிடும். ஐயோவாவில் உட்கார்ந்து கைதட்டுவார்கள்.

காரணம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் சவுத் டகோட்டா ஸ்டேட் அணியை ஐயோவா 7-3 என்று வென்றது. அந்த 7-ல் டச்டவுன், அதாவது பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது, ஒன்றுகூடக் கிடையாது. கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் ஒரு ஃபீல்டு கோலுக்கு 3, அப்புறம் இரண்டு சேஃப்டிக்கு 4. அதாவது எதிரணி ஆட்டக்காரரை அவருடைய சொந்தக் கோட்டுக்குப் பின்னாலேயே இரண்டு முறை மடக்கியிருக்கிறார்கள். டெய்லர் அன்று 10 முறை உதைத்து எதிரணியை மூலையிலேயே முடக்கிப் போட்டதால்தான் அந்த வாய்ப்பே வந்தது. அடுத்த வருடம் சராசரி யார்டு கணக்கில் ஐயோவாவின் தாக்குதல் ஆட்டம் நாட்டின் முதல்நிலைக் கல்லூரி அணிகளிலேயே கடைசி. ஆனாலும் 10 ஆட்டங்களில் ஜெயித்தார்கள். தடுப்பாட்டமும் பண்டரும் சேர்ந்து கரை சேர்த்த சீசன் அது.

சென்னையிலிருந்து ஒருவர்: எல்லாப் பண்டரும் ஏன் ஆஸ்திரேலியர்களாகவே இருக்கிறார்கள் சார்?

எல்லோரும் இல்லை, ஆனால் உங்களுக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது என்று புரிகிறது. சிறந்த கல்லூரிப் பண்டருக்குத் தரும் ரே கை விருதை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 முதல் 2024 வரையிலான 11 விருதுகளில் 8 ஆஸ்திரேலியர்களுக்குப் போயிருக்கின்றன. யூட்டாவின் டாம் ஹேக்கட் மட்டும் இரண்டு முறை வாங்கினார். டெய்லருக்கு 2023-ல் கிடைத்தது.

அங்கே பிள்ளைகள் சிறு வயதிலிருந்து ஆடுவது ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பால். அதில் ஓடிக்கொண்டே, கையிலிருந்து பந்தை விட்டு, தன் அணிக்காரர் நிற்கும் இடத்துக்கு உதைத்தாக வேண்டும். அமெரிக்கப் பண்டர் வழக்கமாக உதைக்கும் பந்து தன் நீள அச்சில் சுழன்று வெகுதூரம் போகும். ஆனால் விழுந்த பிறகு எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. ஆஸ்திரேலியர்கள் உதைக்கும் டிராப் பண்ட் தலைகீழாகப் பின்னோக்கிச் சுழல்வதால், விழுந்ததும் நிற்கும், இல்லாவிட்டால் பின்னால் வரும். எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் பந்தை 20 யார்டு கோட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள், உதைத்தது வீண். 5 யார்டில் நின்றுவிட்டால் அது பொன். டெய்லரின் பெயர் பரவியது இந்த வித்தையால்தான்.

அமெரிக்கர்களே பலர் கவனிக்காத ஒரு விதியும் இதில் சேர்ந்துகொள்கிறது. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் பந்தை உதைக்கும்வரை இரு ஓரத்து ஆட்கள் மட்டுமே முன்னால் ஓடலாம். கல்லூரி ஆட்டத்தில் பண்டரின் கைக்குப் பந்து புறப்பட்டதுமே மற்றவர்களும் ஓடலாம். அதனால் பண்டர் உடனே உதைக்காமல் பக்கவாட்டில் கொஞ்சம் ஓடி நேரம் எடுத்துக்கொண்டால், அதற்குள் அவருடைய ஆட்கள் பாதி மைதானத்தைக் கடந்திருப்பார்கள். ஓடிக்கொண்டே உதைப்பது ஒரு மெல்பர்ன் பையனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இவர்களில் பலரைத் தயார் செய்து அனுப்புவது மெல்பர்னில் உள்ள புரோகிக் ஆஸ்திரேலியா என்ற பயிற்சிக்கூடம். முன்னாள் ஆஸ்திரேலிய ஃபுட்பால் வீரர் நேதன் சாப்மன் 2007-ல் தொடங்கியது.

மெல்பர்னிலிருந்து ஒரு அக்கா: தம்பி, எங்கட மகன் ஃபூட்டி, அதான் ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பால், விளையாடுறவன். 19 வயசு. அமெரிக்காவுக்குப் போக வயசு கூடிப்போச்சோ?

இல்லை அக்கா. டெய்லர் ஐயோவாவில் முதல் ஆட்டம் ஆடியபோது அவருக்கு 23. அவர் காலத்து விதியில் பிறந்த தேதியை வைத்து யாரையும் வெளியே நிறுத்தவில்லை. ஆடத் தகுதியுள்ள வருடங்களின் கடிகாரம் முழுநேரமாகக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்துதான் ஓடியது. அதனால் மகன் இப்போது உள்ளூரில் ஏதாவது பட்டப்படிப்பில் சேரப்போகிறார் என்றால் அதற்கு முன்பே இப்போதைய விதியை விசாரித்துவிடுங்கள். பள்ளி மதிப்பெண்ணையும் விடக்கூடாது. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு அதைச் சரிபார்த்த பிறகே ஆட அனுமதிக்கும். முழு ஸ்காலர்ஷிப் கிடைத்தால் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதில் அடங்கும்.

டல்லாஸிலிருந்து ஒருவர்: இப்போது கல்லூரி ஆட்டக்காரர்கள் விளம்பரத்தில் லட்சக்கணக்கில் சம்பாதிக்கிறார்களே. வெளிநாட்டிலிருந்து வந்து ஆடுபவர்களுக்கும் உண்டா?

இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் பண்ணலாம். ஆனால் எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவர் அமெரிக்க மண்ணில் இஷ்டப்படி வேலை செய்ய முடியாது. கடைத் திறப்புக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கினாலும் அது வேலைதான். மாட்டினால் விசாவுக்கே ஆபத்து. பக்கத்து லாக்கர்காரர் காசு பார்க்க, இவர் சும்மா நிற்க வேண்டும். டெய்லரை வைத்து "பண்ட் அடித்தால் வெற்றி" என்ற பொருளில் டி-ஷர்ட் வந்தது, அமோகமாக ஓடியது. வருமானம் தொண்டுக்குப் போனது. கல்லூரி விளையாட்டின் விதி மாறியதே தவிர, விசா விதி அதற்கேற்ப மாறவில்லை. எஃப்-1 காலத்தில் சனிக்கிழமை பீட்சாக்கடை வேலைக்கு ஆசைப்பட்ட நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: உதைப்பவர்கள் தவிர வேறு யாரும் வெளிநாட்டிலிருந்து வந்து சாதித்ததில்லையா?

ஏன் இல்லை? கானாவில் பிறந்த எசிகியல் அன்ஸா, பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்துக்கு முயன்று இடம் கிடைக்காமல், 2010-ல் ஃபுட்பால் பக்கம் வந்தார். என்எஃப்எல் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2013-ல் ஐந்தாவது ஆளாக டெட்ராய்ட் லயன்ஸ் எடுத்தது. பெர்லினில் பிறந்த பியோர்ன் வெர்னர் ஃப்ளோரிடா ஸ்டேட்டிலிருந்து அதே வருடம் முதல் சுற்றில் போனார். கனடாவின் சூபா ஹப்பர்ட் 2019-ல் ஓக்லஹோமா ஸ்டேட்டுக்காக 2,094 யார்டு ஓடினார். கனடாக்காரர்களை நான் இந்தப் பட்டியலில் அரை மனதோடுதான் சேர்ப்பேன், அவர்களுக்கு ஆட்டம் புதிது இல்லையே.

பெங்களூரிலிருந்து ஒருவர்: இங்கிருந்து பார்ப்பதற்கு நேரம் ஒத்துவருமா?

ஐயோவா நேரப்படி சனிக்கிழமை காலை 11 மணி ஆட்டம் என்றால் உங்களுக்கு இரவு 9:30. நவம்பரில் இங்கே கடிகாரத்தைத் திருப்பிய பிறகு 10:30. மாலை ஆட்டம் என்றால் உங்களுக்கு ஞாயிறு விடிந்துவிடும், மறுநாள் சுருக்கத்தைப் பார்ப்பதே உடம்புக்கு நல்லது. நேரில் வர வாய்த்தால் ஐயோவா சிட்டிக்கு வாருங்கள். கின்னிக் ஸ்டேடியத்தில் முதல் கால்பகுதி முடிந்ததும் அத்தனை பேரும் எழுந்து, எதிரே இருக்கும் குழந்தைகள் மருத்துவமனையின் ஜன்னல்களைப் பார்த்துக் கையசைப்பார்கள். 2017-ல் தொடங்கிய வழக்கம்.

மதுரையிலிருந்து ஒரு தம்பி: டெய்லர் இப்போது எங்கே அண்ணே? இனி யாரைப் பார்ப்பது?

2023 சீசனில் 93 பண்ட், மொத்தம் 4,479 யார்டு. 1938-லிருந்து நின்ற 4,138 யார்டு சாதனையை உடைத்துவிட்டு, 2024 டிராஃப்டில் நான்காம் சுற்றில் என்எஃப்எல்லின் சிகாகோ பேர்ஸுக்குப் போனார். அதே டிராஃப்டில் அதே அணிக்கு முதல் ஆளாக வந்த குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர், கேலப் வில்லியம்ஸ், "இங்கே உனக்கு அதிகம் பண்ட் அடிக்கும் வேலை இருக்காது" என்கிற மாதிரி அவருக்குச் செய்தி அனுப்பினாராம். அந்த வருடம் வேலை நிறையவே இருந்தது.

ஐயோவாவில் அவர் இடத்துக்கு 2024-ல் வந்த ரீஸ் டேகினும் மெல்பர்ன்காரர்தான். ஆட்டம் பார்க்க முடியாத வாரங்களில் ஸ்கோர் பக்கத்தின் அடியில் பண்டிங் என்ற பகுதியைத் திற. சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதே. 20 யார்டுக்குள் எத்தனை விழுந்தன, எத்தனை கோட்டைத் தாண்டிப் போய் வீணாயின என்ற இரண்டையும் சேர்த்துப் பார்.