புகையைக் காட்டி ‘இதுதான் ஊர்’ என்றார்கள்

கேள்வி: அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் நிக்கோடெமஸ் என்னும் சிற்றூர் போற்றப்படுவது ஏன்?

பதில்: அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள், கென்டக்கியிலிருந்து வந்து, 1877-இல் சாலமன் ஆற்றின் தென்கிளையருகே குடியேறி உருவாக்கிய ஊர் அது. மரங்கள் அரிதான புல்வெளி என்பதால் மண்ணைக் குடைந்தே வீடமைத்தார்கள். 1878-இல் வந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண்மணி ‘ஊர் எங்கே?’ என்று கேட்க, தரையிலிருந்து எழுந்த புகையைக் கணவர் சுட்டிக்காட்டியதும் அவர் அழுதுவிட்டார். அந்த அழுகையை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது. பள்ளி, தேவாலயம், செய்தித்தாள் என வளர்ந்த ஊரை, 1888-இல் ஆற்றுக்குத் தெற்கே போடப்பட்ட இருப்புப்பாதை ஒதுக்கிவிட்டது. வணிகர்கள் தண்டவாளத்தைத் தேடிப் போனார்கள். 1996-இல் அது தேசிய வரலாற்றுத் தலமாயிற்று. இன்றும் ஆண்டுதோறும் கோடையில் முன்னோடிகளின் வழித்தோன்றல்கள் அங்கே ஒன்றுகூடுகிறார்கள்.