"கறுப்பு கொஞ்சம்": பெயிண்ட் கலவைக் கணக்கும் கடை பில்லும்

கேள்வி: மாதிரி ரயில் செய்வது என் பொழுதுபோக்கு. எச்.ஓ. அளவில் (1:87, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) நாகர்கோவில் சந்திப்பை மாடி அறையில் செய்துகொண்டிருக்கிறேன். எண்பதுகளில் ஓடிய மெரூன் ரயில் பெட்டிகள்தான் வேண்டும். போன வருஷம் மூன்று பெட்டிகளுக்குக் கலந்த நிறம் அருமையாக அமைந்தது. நான்காவது பெட்டிக்கு அது வரவே மாட்டேன் என்கிறது. நோட்டில் "சிவப்பு 12 துளி, பிரவுன் 5, கறுப்பு கொஞ்சம்" என்று எழுதி வைத்திருக்கிறேன். புதிதாக வாங்கிய சிவப்பே பழையதைவிட வேறாகத் தெரிகிறது. கடைக்காரர் "அதே நம்பர்தான் அண்ணாச்சி" என்கிறார். மாற்றிக் கேட்க முடியுமா?
(தக்கலை வாசகர்)

பதில்: சிவப்பு பாட்டிலைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அந்தக் "கறுப்பு கொஞ்சம்" என்பதைப் பார்ப்போம். மெரூனில் கறுப்புதான் வலிமையான ஆள். ஒரு துளி கூடினால் செங்கல் நிறம் காப்பிப்பொடி நிறமாகிவிடும். துளிக்கணக்கும் நம்பத்தக்கதல்ல. பாட்டில் மூக்கின் அளவு, பெயிண்ட் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது, கை எவ்வளவு அழுத்தியது என்பதைப் பொறுத்துத் துளி சிறுக்கும், பெருக்கும்.

எடைக்கு மாறிவிடுங்கள். 0.01 கிராம் வரை காட்டும் நகை எடைத் தராசு ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மொத்தம் 10 கிராம் என்று வைத்துக்கொண்டு, சிவப்பு 7.0, பிரவுன் 2.4, கறுப்பு 0.6 என்று எழுதுங்கள் (இது உதாரணக் கணக்கு, உங்கள் மெரூன் அல்ல). நாளைக்கு 4 கிராம் போதும் என்றால் 2.8, 0.96, 0.24. கறுப்பைக் கடைசியில், பல்குச்சி நுனியில் தொட்டுத் தொட்டுச் சேருங்கள். ஒவ்வொரு முறையும் தராசைப் பார்த்து அப்போதே எழுதுங்கள். கையைக் கழுவிவிட்டு வந்து எழுதலாம் என்று நினைத்த எதையும் நான் எழுதியதே இல்லை.

எடை மட்டும் போதாது. எந்த கம்பெனி, பாட்டிலின் நிற எண், பேட்ச் நம்பர், தின்னர் எவ்வளவு, அடியில் போட்ட ப்ரைமர் வெள்ளையா சாம்பலா, எத்தனை கோட், மேல்பூச்சு மேட்டா (பளபளப்பில்லாதது) கிளாஸா (பளபளப்பானது) என்பதும் வேண்டும். ஒரே சிவப்பு வெள்ளை ப்ரைமர் மேல் பளிச்சென்றும் சாம்பல் மேல் மங்கலாகவும் நிற்கும். மேட் போட்டால் ஒரு படி வெளுத்த மாதிரி தெரியும். அக்ரிலிக் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் கொஞ்சம் கருத்த நிறம். அதனால் ஈரத்தில் ஒத்துப்பார்த்து "சரி" என்று முடிவு செய்யாதீர்கள்.

ஒவ்வொரு கலவையையும் ஒரு பிளாஸ்டிக் துண்டில் அடித்து, பின்பக்கம் விவரம் எழுதி வையுங்கள். போன் படத்தை நம்ப வேண்டாம். கேமரா தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும். நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. கடலோர ஈரக்காற்று தனி. என் முதல் நோட்டு பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு துண்டுகளும் நோட்டும் இறுக்கி மூடும் டப்பாவில், வெயில் படாத அலமாரியில் இருக்கின்றன.

இனி மாற்றிக் கேட்கும் விஷயம். இரண்டு பாட்டில்களின் பேட்ச் நம்பரும் வேறாக இருந்தால், லேசான நிற வேறுபாடு வருவது சகஜம். அதற்காகப் புகார் கொடுத்து அலைவது வீண். கட்டியாகிப் போயிருந்தால், லேபிளில் ஒரு நிறமும் உள்ளே வேறு நிறமும் இருந்தால், அப்போது கேளுங்கள். பழைய பாட்டிலில் மிச்சம் இருந்தால் இரண்டையும் ஒரே துண்டில் பக்கத்தில் பக்கத்தில் அடித்துக் காயவைத்து, பில்லோடு கடைக்குக் கொண்டு போங்கள். அதுவும் சரிப்படாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாமல் பேச்சில்லை. நோட்டில் பேட்ச் நம்பர் எழுதும் பக்கத்திலேயே பில்லின் படத்தையும் ஒட்டிவிடுங்கள். வெப்பத்தில் அச்சடிக்கும் பில் ஒரு கோடையிலேயே வெளுத்துவிடுகிறது.

உங்கள் நான்காவது பெட்டிக்கு, பழைய பெட்டியின் அடிப்பகுதியைப் பகல் வெளிச்சத்தில் வைத்துக் கலந்து பாருங்கள். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிவது முற்றத்தில் பிரிந்து நிற்கும். அப்படியும் ஒட்டாவிட்டால் கவலை வேண்டாம். கன்னியாகுமரி பாதை 1979-ல் திறந்தது, திருநெல்வேலி இணைப்பு 1981-ல் வந்தது. அந்தக் காலத்து ரயிலில் எல்லாப் பெட்டியும் ஒரே மெரூனில் ஓடியிருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? ஒவ்வொன்றும் வேறு வேறு நாளில் பணிமனையிலிருந்து பெயிண்ட் ஆகி வந்தவை. ஒன்று புதுசாக, ஒன்று வெயிலில் வெளுத்து இருக்கும்.

கேள்வி: பிளாட்பாரம், ஸ்டேஷன் சுவர், பின்னணி வானம் எல்லாவற்றுக்கும் பெயிண்ட் கடை டின்டிங் மெஷினில் கலந்து வாங்கலாமா? "கலந்ததைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள்.
(மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: வானத்துக்கும் தரைக்கும் தாராளமாக வாங்கலாம். பெட்டிகளுக்கு வேண்டாம். சுவர் பெயிண்ட் தடிமனாகப் படிந்து பெட்டியின் சின்னச் சின்ன ரிவெட் (ஆணித் தலை) எல்லாம் மூழ்கிப்போகும். மெஷின் கலவையில் ஒரு நல்ல விஷயம், டப்பாவில் ஒட்டும் ஸ்டிக்கர். எந்த பேஸ் (நிறம் சேர்க்கும் முன் உள்ள அடிப்படை பெயிண்ட்), எந்த நிறத்தில் எவ்வளவு என்று அதில் இருக்கும். அதைக் கையால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எனாமல் வாங்கினால் ஐ.எஸ். 5 (பெயிண்ட் நிறங்களுக்கான இந்தியத் தரப் பட்டியல்) நிற எண்ணைக் கேட்டுப் பாருங்கள். சிக்னல் ரெட் 537, கோல்டன் யெல்லோ 356 என்பது போல. கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறாது.

கலக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். மூடியை அடிப்பதற்கு முன் ஒரு அட்டையில் தொட்டுக் காயவைத்துப் பாருங்கள். நீங்கள் கொடுத்த எண்ணையே கலந்திருந்து, வீட்டில் பார்த்தபின் பிடிக்கவில்லை என்றால் கடைக்காரர் மேல் குற்றமில்லை. எண்ணை மாற்றிக் கலந்திருந்தால் கதை வேறு. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிச் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பி எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. சுவரில் தொங்கும் போர்டு அதை மாற்றாது.

கேள்வி: வெளிநாட்டு பாட்டிலில் எம்.ஆர்.பி.யே இல்லை. சரியா?
(குழித்துறை வாசகர்)

பதில்: அளவைப் பாருங்கள். 10 மில்லியும் அதற்குக் குறைவும் உள்ள பொட்டலங்களுக்கு 2011 பொட்டலப் பொருள் விதிகளில் விலக்கு உண்டு. 17 மில்லி பாட்டில் என்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. கொண்ட ஸ்டிக்கர் இருந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் வாங்காமல் வந்துவிடுங்கள். பாட்டில் கெட்டிருந்தால் யாரிடம் போய்க் கேட்பது?