ஆர்கானிக் வினைகள்: பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் டீச்சரின் பதில்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆறாம் படிவ மாணவர்களுக்கும், இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் எழுதுபவர்களுக்கும் வேதியியல் சொல்லித் தருகிறேன். மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் ஆர்கானிக் (கரிம வேதியியல்) தொடர்பானவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

செந்தூல் மாணவி: டீச்சர், வினைகளை நோட்டில் வரிசையாக எழுதி மனப்பாடம் செய்கிறேன். ஒரே வாரத்தில் பாதி மறந்துவிடுகிறதே?

மறக்கத்தான் செய்யும் மா. தனித்தனி வரியாகப் படித்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. ஒரு பெரிய தாளின் நடுவில் ஆல்கஹால் என்று எழுதி, ஆல்டிஹைடு, கார்பாக்சிலிக் அமிலம், ஆல்கீன், எஸ்டர் என நான்கு பக்கமும் அம்பு போடுங்கள். அம்பின் மேல் எதைச் சேர்க்கிறோம், எத்தனை டிகிரி என்பது இருக்க வேண்டும். பிரைமரி ஆல்கஹாலோடு பிசிசி (பிரிடினியம் குளோரோகுரோமேட் என்ற மென்மையான ஆக்சிஜனேற்றி) சேர்த்தால் ஆல்டிஹைடிலேயே நிற்கும். அமிலம் கலந்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் அதைக் கார்பாக்சிலிக் அமிலம் வரை இழுத்துக்கொண்டு போகும். எத்தனாலை அடர் கந்தக அமிலத்தோடு 170 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் எத்தீன், 140 டிகிரியில் ஈதர். மறுநாள் வெற்றுத்தாளில் பார்க்காமல் வரையுங்கள். விடுபட்ட அம்புகளை மட்டும் திரும்பப் படித்தால் போதும். அழகாக வண்ணம் தீட்டிக்கொண்டு உட்காராதீர்கள், நேரம்தான் போகும்.

வங்சா மாஜு மாணவர்: எஸ்என்1, எஸ்என்2 எது எங்கே நடக்கும் என்று ஒவ்வொரு தடவையும் குழம்புகிறேன்.

தம்பி, இரண்டுமே ஹாலைடை எடுத்துவிட்டு வேறு குழுவை வைக்கும் பதிலீட்டு வினைகள்தான். உங்களுக்கு எல்ஆர்டி ரயில் தெரியும். காலை நெரிசலில் உள்ளே இருப்பவர் இறங்கினால்தான் நாம் ஏற முடியும். டெர்ஷியரி கார்பனும் அப்படித்தான். சுற்றிலும் மூன்று பெரிய குழுக்கள் அடைத்துக்கொண்டிருப்பதால் நியூக்ளியோஃபைல் (எலக்ட்ரான் இணையைத் தந்து ஒட்டும் குழு) நுழைய இடமில்லை. முதலில் ஹாலைடு வெளியேறும், கார்போகேட்டயன் (நேர்மின்சுமையுள்ள கார்பன்) உருவாகும், அப்புறம்தான் நியூக்ளியோஃபைல் வரும். இது எஸ்என்1. வேகத்தைத் தீர்மானிப்பது அந்த முதல் படி. அதனால் ஹாலோஆல்கேனின் (ஹாலைடு உள்ள சேர்மத்தின்) செறிவு மட்டும்தான் கணக்கில் வரும். கார்போகேட்டயன் தட்டையானது, இரண்டு பக்கமும் தாக்கலாம் என்பதால் பெரும்பாலும் ரெசிமிக் கலவை (ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு வடிவங்களும் சம அளவில்) கிடைக்கும்.

மெத்தில், பிரைமரி என்றால் இடம் தாராளம். ஹாலைடு போய்க்கொண்டிருக்கும்போதே பின்பக்கமாக நியூக்ளியோஃபைல் வந்துவிடும். ஒரே படி, அமைப்பு தலைகீழாகத் திரும்பும். இது எஸ்என்2. 1896-ல் வால்டன் கண்டது இந்தத் திருப்பத்தைத்தான்.

பென்சைல், அல்லைல் ஹாலைடுகளிடம் மட்டும் உஷாராக இருங்கள். பார்க்கப் பிரைமரிதான், ஆனால் கார்போகேட்டயன் ரெசொனன்ஸால் நிலைபெறுவதால் எஸ்என்1-உம் எளிதாக நடக்கும். வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு இது ரொம்பப் பிடித்த இடம்.

ஜார்ஜ் டவுன் மாணவி: எங்கே அதிகம் மாட்டிக்கொள்வோம்?

ஒரே ஒரு சொல் மாறினால் விடையும் மாறும் இடங்களில். நீர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஹாலோஆல்கேனிலிருந்து ஆல்கஹாலைத் தரும். ஆல்கஹாலில் கரைத்தது ஆல்கீனைத் தரும். ஆல்கீனில் சேர்க்கும்போது பெராக்சைடு இருந்தால் மார்கோவ்னிகோவ் விதி (அதிக ஹைட்ரஜன் உள்ள கார்பனிலேயே ஹைட்ரஜன் சேரும் என்பது) தலைகீழாகும், ஆனால் ஹைட்ரஜன் புரோமைடுக்கு மட்டும். குளோரைடையும் அயோடைடையும் கொடுத்து ஏமாற்றுவார்கள். ஆல்டிஹைடும் அடர் காரமும் வந்தால் முதலில் ஆல்பா ஹைட்ரஜனை (ஆல்டிஹைடு குழுவுக்கு அடுத்த கார்பனில் இருப்பதை) தேடுங்கள். பென்சால்டிஹைடு போல அது இல்லாதவற்றுக்குக் கனிசாரோ வினை, இருந்தால் ஆல்டால் வினை. அதே பென்சால்டிஹைடு டாலன்ஸ் சோதனையில் வெள்ளிக் கண்ணாடி தரும், ஃபெலிங் சோதனையில் பலன் தராது.

ஆயர் ஈத்தாம் அப்பா: மகன் யூகேட் எழுதப் போகிறான். ஆர்கானிக் டியூஷன் தேவையா?

வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான யூகேட்டுக்குத் தேவையில்லை ஐயா, அதில் வேதியியலே கிடையாது. ஆனால் ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம் எழுதுகிறார் என்றால் மூன்றாம் பருவ வேதியியல் முழுக்க ஆர்கானிக்தான், அங்கே தப்பிக்க வழியில்லை. இந்தியாவுக்கு அனுப்பும் யோசனை இருந்தால் நீட் எழுத வேண்டும். 2024-ல் கோலாலம்பூரிலேயே தேர்வு மையம் இருந்தது. 180 கேள்விகளில் 45 வேதியியல். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானால் 1 கழியும். குத்துமதிப்பாகக் குறிக்கிற பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் மாணவர்: ஹாஃப்மன், கேப்ரியல் இரண்டுமே அமீன்தானே தருகின்றன?

ஆமாம். ஹாஃப்மன் வினையில் அமைடு அமீனாகும்போது ஒரு கார்பன் குறையும், அதை எண்ணிப் பாருங்கள். தாலிமைடு வழியாகப் போகும் கேப்ரியல் வினை பிரைமரி அலிஃபாட்டிக் அமீனுக்கு மட்டும். அனிலின் (பென்சீன் வளையத்தோடு ஒட்டிய அமீன்) கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள், ஏனென்றால் அரைல் ஹாலைடு (பென்சீன் வளையத்தில் நேரடியாக ஒட்டிய ஹாலைடு) தாலிமைடு அயனியோடு எளிதில் வினைபுரியாது. பென்சமைடிலிருந்து ஹாஃப்மன் வழியாக வரலாம், அல்லது நைட்ரோபென்சீனை டின், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு ஒடுக்கலாம்.