மயிலிறகில் நீலச் சாயமே இல்லை: கோணம் மாறினால் நிறம் மாறுவது ஏன்?

கேள்வி: மயில் தோகை, பொன்வண்டு, ரோட்டில் சிந்திய டீசல் எல்லாம் பார்க்கும் கோணத்துக்குத் தகுந்தபடி நிறம் மாறுகிறதே, காரணம் என்ன? இயற்கையில் வேறு எதிலெல்லாம் இதைப் பார்க்கலாம்? போட்டோ எடுத்தால் மட்டும் அந்த ஜொலிப்பு வருவதில்லையே, ஏன்?

மயிலிறகில் நீலச் சாயம் ஒரு துளிகூடக் கிடையாது. பச்சையும் கிடையாது. அதில் இருக்கும் முக்கியமான நிறமி மெலனின், நம் தலைமுடியைக் கருப்பாக்கும் அதே சரக்கு. நம்பிக்கை வராவிட்டால் உதிர்ந்த பீலி ஒன்றை எடுத்து, வெளிச்சம் அதன் வழியாக ஊடுருவி வரும்படி ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நீலமாக மின்னிய கண் வெறும் பழுப்பாகத் தெரியும். நறுக்கி அம்மியில் அரைத்தாலும் மங்கலான கரும்பழுப்புத் தூள்தான் மிஞ்சும். சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் தண்ணீர் நீலமாகிவிடும், ஏனென்றால் அந்த நீலம் ஒரு பொருள். மயிலிறகை ராத்திரி முழுக்க ஊறவைத்தாலும் தண்ணீரில் நிறம் இறங்காது, ஏனென்றால் அந்த நீலம் ஓர் அளவு.

எதன் அளவு? ஒளி ஓர் அலை. சிவப்பின் அலைநீளம் ஏறக்குறைய 700 நானோமீட்டர், ஊதாவுக்கு 400 (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் நானோமீட்டர்). ஒரு தலைமுடியின் தடிமனோ பல பத்தாயிரம் நானோமீட்டர். ஒளியின் அலைநீளம் அளவுக்கு மெல்லிய ஒரு படலத்தின் மேல் வெளிச்சம் விழுந்தால், ஒரு பங்கு மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். இன்னொரு பங்கு உள்ளே போய் அடிப்பரப்பில் பட்டு, கொஞ்சம் தாமதமாக வெளியே வந்து முதல் பங்கோடு சேரும். ஒரே ஊஞ்சலை இரண்டு பேர் தள்ளுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் தாளம் சேர்ந்தால் ஊஞ்சல் உயரும், தாளம் தப்பினால் நின்றுவிடும். படலத்தின் தடிமன் எந்த நிறத்துக்குத் தாளம் சேர்த்துவிடுகிறதோ அந்த நிறம் பளீரென்று வரும். மற்றவை அடங்கிப்போகும்.

இங்கே பலரும் ஒரு விஷயத்தை மாற்றி யோசிக்கிறார்கள். சாய்த்துப் பார்த்தால் உள்ளே போன கதிர் அதிக தூரம் ஓட வேண்டுமே, அப்படியானால் நிறம் சிவப்பை நோக்கித்தானே நகர வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நடப்பது நேர் எதிர். சாயச் சாய நிறம் நீலத்தை நோக்கி நகரும். உள்ளே போன கதிர் அதிக தூரம் ஓடுவது உண்மைதான். ஆனால் அது பக்கவாட்டில் தள்ளிப்போய் வெளியே வருகிறது. அதற்குள் மேற்பரப்பில் பட்ட கதிரும் வெளியே நல்ல தூரம் போயிருக்கும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சும் வித்தியாசம், நேராகப் பார்க்கும்போது இருப்பதைவிடக் குறைவு. வித்தியாசம் குறைந்தால் குறைந்த அலைநீளத்துக்குத்தான் தாளம் சேரும். டீசல் படலத்தின் முன் நின்று பார்த்துவிட்டு அப்படியே குனிந்து பாருங்கள், வளையங்கள் நகர்வது தெரியும்.

கொடைக்கானல் ஏரிக்கரையில் குழந்தைகளுக்கு விற்கும் சோப்புக் குமிழி டப்பாவை வாங்கினால் இன்னொன்றும் பார்க்கலாம். ஊதாமல், வளையத்தில் நிற்கும் படலத்தைச் செங்குத்தாகப் பிடியுங்கள். சோப்புத் தண்ணீர் வழிய வழிய மேல்பக்கம் மெலியும், நிறப் பட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். உடைவதற்குச் சற்று முன்பு உச்சியில் நிறமே இல்லாத கருந்திட்டு ஒன்று தோன்றும். அந்த இடத்தில் படலம் அவ்வளவு மெலிந்துவிட்டதால், திரும்பி வரும் இரண்டு பங்கும் எல்லா நிறத்திலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

மயிலுக்கு வருவோம். பழனி மலையடிவாரத்தில் வளர்ந்தவர்களுக்கு மயில் அன்றாடம் பார்க்கிற பறவை. குளிரில் நடுங்குகிறது என்று நினைத்து மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் ஆண்ட நாடும் இதுதான். அந்தத் தோகையின் சிற்றிழையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், மெலனின் குச்சிகள் கட்டம் கட்டமாக, சீரான இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. நீலப் பகுதியில் இடைவெளி சுமார் 140 நானோமீட்டர். பச்சையில் 150. மஞ்சளில் 165. பொருள் ஒன்றே, இடைவெளி 25 நானோமீட்டர் கூடியதும் நீலம் மஞ்சளாகிவிடுகிறது! ஒவ்வொரு வருஷமும் தோகையை உதிர்த்துவிட்டு, அடுத்த தோகையில் இந்த அளவு பிசகாமல் அந்தப் பறவை மறுபடி கட்டுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1665-லேயே மயிலிறகை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, தண்ணீர் பட்டதும் நிறம் போய்விடுவதைக் குறித்து வைத்தார். சாயமாக இருந்தால் தண்ணீர் பட்டுப் போகாது. 1704-ல் நியூட்டன் இதை மெல்லிய படலங்களின் நிறத்தோடு சேர்த்துப் பேசினார். நம் பக்கத்தில் திருச்சிக்காரரான சி. வி. ராமன், நோபல் பரிசுக்குப் பிறகு 1930களில் சிப்பிகளின் உட்புற மினுமினுப்பு, பனங்காடை இறகின் நீலம் என்று இதே வேலையில் இறங்கினார். ராமன் என்றாலே கடலின் நீலத்தைச் சொல்பவர்கள் இந்தக் கட்டுரைகளையும் பேச வேண்டும் என்பது என் ஆசை.

பனங்காடையைச் சொன்னதால் ஒரு முக்கியமான வேறுபாடு. கட்டமைப்பால் வரும் நிறம் எல்லாமே கோணத்துக்குக் கோணம் மாறும் என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் பழனி மலையின் சோலைக்கிளி (பெயரில்தான் கிளி, உண்மையில் சின்னப் பாடும் பறவை) நல்ல சாம்பல் நீலம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே நீலம். பறவைகளில் நீல இறகு என்றாலே பெரும்பாலும் இந்த வகைதான்: இறகுக்குள் கெராட்டினும் (நம் நகம், முடி ஆன அதே பொருள்) காற்றுக் குழிகளும் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கலந்து கிடப்பதால், எங்கிருந்து பார்த்தாலும் நீலமே சிதறி வரும். தேன்சிட்டு வேறு ரகம். அதன் இறகில் மெலனின் அடுக்கடுக்காக இருக்கிறது. பூவில் தொங்கும் ஆண் ஊதாத் தேன்சிட்டு கன்னங்கரேலென்று இருக்கும். வெயில் பக்கம் கழுத்தைத் திருப்பிய நொடியில் ஊதாவும் பச்சையும் தெறிக்கும், அடுத்த நொடியில் மறுபடி கருப்பு.

இனி எனக்கு ரொம்பப் பிடித்தது. பூம்பாறைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் பூண்டு வயல் உண்டு. மழை விட்டதும் மண்ணைக் கொத்தினால் சில சமயம் ஒரு முழத்துக்கும் குறைவான பாம்பு ஒன்று வெளியே வரும். கூரான சின்னத் தலை, சாய்வாக வெட்டி எடுத்தது மாதிரி மொட்டை வால். நூல்களில் கேடயவால் பாம்பு என்று இருக்கும். ஊரில் மண்ணுக்குள் இருக்கிற எல்லாமே மண்ணுளிதான். தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இந்தக் குடும்பம் கிடையாது. பழனி மலையின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய இனமும் உண்டு. விஷம் இல்லை, கடிக்க வராது, மண்புழுதான் சாப்பாடு. முட்டை இடாமல் குட்டி போடும்.

முதல் பார்வையில் அதுவும் மண்ணின் நிறம்தான், கருப்பும் பழுப்பும். வெயிலில் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அது நெளியும்போது முதுகின் மேல் நீலம், பச்சை, செம்பு நிறம் எல்லாம் ஓடும். ஒவ்வொரு செதிலின் விளிம்பிலும் ஒரு நிறம் பிறந்து பக்கத்துச் செதிலுக்குத் தாவும். ஈர மண்ணுக்குள்ளிருந்து அப்போதுதான் வந்த உடம்பில் ஒரு பொட்டு மண் ஒட்டியிருக்காது. மண் இருப்பது வாலின் மொட்டைப் பகுதியில் மட்டும், அதுவும் தொப்பி கவிழ்த்தது மாதிரி.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. செதிலின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகள் நெருக்கமாக ஓடுகின்றன. அந்த வரிகளால் ஈரமும் மண்ணும் ஒட்டுவதில்லை. அதே வரிகள் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்தும் விடுகின்றன; சிடி தகட்டில் நிறம் தெறிப்பதும் இப்படித்தான். இருட்டு மண்ணுக்குள் வாழும் இதன் நிறத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? மயிலுக்கு நிறம் துணை தேடும் வேலைக்கு. இந்தப் பாம்பின் நிறத்துக்கு வேலையே இல்லை, மண்ணை உதறும் வேலையோடு கூடவே வந்து சேர்ந்தது. இப்படி யாருக்காகவும் இல்லாமல் இருக்கும் நிறத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

வருத்தம் என்னவென்றால் இதைப் பார்த்ததும் அடித்துவிடுகிறார்கள். எங்கள் சித்தப்பாவே மண்வெட்டியை ஓங்கியவர்தான். "ரெட்டத் தலைடா, தள்ளிப் போ" என்றார். "விடுங்க சித்தப்பா, மண்புழு தின்னுற சாதி, பல்லுகூட படாது" என்று கையில் எடுத்துக் காட்டிய பிறகுதான் குனிந்து பார்த்தார். இப்போது வேலைக்கு வரும் அக்காக்களிடம் அவரே சொல்லிவிடுகிறார். உங்கள் தோட்டத்தில் வந்தால் பக்கத்தில் பொலபொலப்பான மண்ணில் விட்டுவிடுங்கள், அதுவே உள்ளே போய்விடும்.

மலையில் இன்னொன்றும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. சோலை ஓரத்துச் சதுப்பிலும், ரோட்டை வெட்டிய சரிவில் நீர் கசியும் இடத்திலும் தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரி வானவில் படலம் நிற்கும், அடியில் துரு நிறத்தில் சேறு இருக்கும். யாரோ டீசலைக் கொட்டிவிட்டார்கள் என்று கோபப்படுவார்கள். ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். எண்ணெயாக இருந்தால் வழிந்து மறுபடி ஒன்றுசேரும். இது சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே மிதந்தால், நீரில் கரைந்த இரும்பைத் துருவாக்கி வாழும் பாக்டீரியாக்களின் வேலை. அந்தத் துருப் படலம் மெல்லியது என்பதால் நிறம் வருகிறது. யாரும் எதையும் கொட்டவில்லை.

தாவரங்களிலும் உண்டு. குன்னூர் சிம்ஸ் பூங்காவில் ருத்ராட்ச மரம் நிற்கிறது. நாம் கழுத்தில் போடுவது உள்ளே இருக்கும் கொட்டை; வெளியே பழம் அசல் நீலம். அந்த நீலமும் நிறமி இல்லை, தோலின் செல்களில் இருக்கும் மெல்லிய அடுக்குகளால் வருவது. பழத்தை நசுக்கினால் நீலச் சாறு வராது.

பொன்வண்டைத் தீப்பெட்டியில் போட்டு வளர்த்தவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். அதன் இறக்கை உறையில் கைட்டின் என்ற ஓட்டுப் பொருளின் அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் கொஞ்சம் திருப்பி அனுப்ப, எல்லாம் தாளம் சேர்ந்து உலோகப் பச்சையாகிறது. சாயம் வெயிலில் வெளுக்கும், இது வெளுக்காது. 19-ஆம் நூற்றாண்டில் சென்னையில் மஸ்லின் துணிமேல் பொன்வண்டு உறைகளைத் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள்; அருங்காட்சியகங்களில் அந்தப் பச்சை இன்னும் மின்னுகிறது. ஜெர்மனியின் மெசல் என்ற இடத்தில் கிடைத்த சுமார் 4.7 கோடி ஆண்டு பழைய வண்டுப் புதைபடிவங்களில்கூட உலோக நிறம் தெரிகிறது. அடுக்கு கலையாத வரை நிறமும் போகாது.

கொடைக்கானல் வந்தால், மலை விளிம்பை ஒட்டிய நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் ஒரு விஷயம் பார்க்க முயலுங்கள். வெயில் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக இருக்க வேண்டும், முன்னால் பள்ளத்தில் மூடுபனி நிறைந்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம். அமைந்தால் உங்கள் நிழல் பனியின் மேல் விழும், தலையைச் சுற்றி நிற வளையங்கள் தெரியும். வானவில் வேறு, இது வேறு. சின்னஞ்சிறு பனித்துளிகளில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்வதால் வருவது. பக்கத்தில் நிற்பவரின் நிழல் தெரிந்தாலும் வளையம் உங்கள் தலையைச் சுற்றித்தான் உங்களுக்குத் தெரியும், அவருக்கு அவர் தலையைச் சுற்றி.

கடைசியாக போட்டோ. நம் இரண்டு கண்களும் சற்றே வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன, அதனால் ஒரே புள்ளியில் இடது கண்ணுக்கு ஒரு நிறமும் வலது கண்ணுக்கு வேறு நிறமும் வரலாம். அதோடு நம் தலையும் அசைந்துகொண்டே இருக்கிறது. ஜொலிப்பு என்று நாம் உணர்வது இந்த வித்தியாசத்தைத்தான். கேமராவுக்கு ஒரே கண், ஒரே கோணம், ஒரே நொடி. ஆகவே போட்டோவில் வெறும் நீலம்தான் பதியும். ஃப்ளாஷை அணைத்துவிட்டு வெயிலிலோ ஜன்னல் வெளிச்சத்திலோ வைத்து, போனை மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்தி வீடியோ எடுங்கள். பின்னணி கருப்பாக இருந்தால் இன்னும் நல்லது. மயிலிறகும் பொன்வண்டும் இப்படி எடுத்தால் ஓரளவு நேரில் பார்த்த மாதிரியே வரும்.