வீட்டில் பாட்டுப் பதிய எந்தக் கம்ப்யூட்டர்?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். தேவாரம் பாடுவேன், தம்பி மிருதங்கம் வாசிப்பான். மாடி அறையில் இருவருமாகப் பதிவு செய்ய ஆசை. கீபோர்டு வைத்துத் தம்புரா, வயலின் ஒலிகளும் சேர்க்க வேண்டும். கடையில் கேமிங் கம்ப்யூட்டர்தான் சரிப்படும் என்கிறார்கள். விலையில் பாதி கிராபிக்ஸ் கார்டுக்கே போகிறது. மைக்கோடு சேர்த்து எழுபதாயிரத்துக்குள் முடியுமா?

பதில்: முடியும். முதலில் அந்த கிராபிக்ஸ் கார்டை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஒலிப்பதிவுக்கு அதனால் ஏறக்குறைய ஒரு பயனும் இல்லை. அறையில் இன்னும் இரண்டு விசிறி சுற்றும், அவ்வளவுதான். பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸே போதும். இண்டெல் பிராசசரின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் மட்டும் உள்ளே கிராபிக்ஸ் இருக்காது. விலை குறைகிறதே என்று அதை எடுத்துவிட்டால் திரையில் படம் வராது.

ஐ5 அல்லது ரைசன் 5 வரிசையில் அண்மையில் வந்தது ஒன்று, 16 ஜிபி ராம், 500 ஜிபி எஸ்எஸ்டி. உங்கள் வேலைக்கு இதற்கு மேல் தேவையில்லை. முழு ஆர்கெஸ்ட்ரா ஒலிகளை அடுக்குகிறவர்களுக்குத்தான் 32 ஜிபி. அலுவலகங்களில் ஓடி, புதுப்பித்து விற்கப்படும் டெஸ்க்டாப்பும் நல்ல தேர்வுதான். எட்டாம் தலைமுறை இண்டெல்லுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். அதற்கு முந்தியவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.

இடம் போதுமா என்ற கவலை வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்ற பதிவுத் தரத்தில் ஒரு மைக்கின் ஒரு நிமிடப் பதிவு சுமார் 8.6 எம்பி. நான்கு மைக் வைத்து ஒரு மணி நேரம் பாடினாலும் இரண்டு ஜிபிதான்.

கம்ப்யூட்டரின் வேகம் எங்கே கைகொடுக்கிறது என்றால், தாமதத்தில். நீங்கள் பாடுவது மைக், ஆடியோ இண்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி), கம்ப்யூட்டர் என்று சுற்றி ஹெட்போனுக்கு வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். கம்ப்யூட்டர் ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைத்து அனுப்பும் இடத்துக்கு பஃபர் என்று பெயர். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை 128 சாம்பிள் என்று வைத்தால் அது ஒரு முறை நிரம்ப 2.7 மில்லி விநாடி. போக ஒன்று, வர ஒன்று, நடுவில் டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) எடுத்துக்கொள்வது எல்லாம் சேர்ந்து எட்டு, பத்து மில்லி விநாடி ஆகலாம். காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகும். ஆக, தம்பி மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிப்பதைக் கேட்பது போலத்தான். மேடையில் பழகிய தூரம், தாளம் கலையாது. அதே பஃபரை 1024-இல் வைத்தால் போக வர மட்டுமே 43 மில்லி விநாடி, அதாவது பதினான்கு மீட்டருக்கு மேல். கோயில் மண்டபத்தின் மறுகோடியில் உட்கார்ந்துகொண்டு யார் மிருதங்கம் வாசிப்பார்கள்?

பஃபர் 128-இல் கரகரவென்ற சத்தம் இல்லாமல் ஓடினால் அது உங்களுக்கு ஏற்ற கம்ப்யூட்டர். பதிந்து முடித்த பிறகு, ஒலிகளைச் சேர்த்துச் சரிசெய்யும் மிக்ஸிங்கின்போது 1024-க்கு ஏற்றிக்கொள்ளலாம். கரகரத்தால் உடனே பிராசசரைக் குறை சொல்ல வேண்டாம். பல நேரம் வைஃபை டிரைவர்தான் காரணமாக இருக்கும். பதியும்போது வைஃபையை அணைத்துப் பாருங்கள். தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ வகை டிரைவரைச் சொந்தமாகக் கொண்டு வருகிற இண்டர்ஃபேஸாக வாங்குவதும் முக்கியம். மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று என்று மைக் வைக்க வேண்டியிருப்பதால் நான்கு மைக் உள்ளீடு உள்ளதாகப் பாருங்கள். பணத்தில் முக்கால்வாசியைப் பெட்டியில் போட்டுவிட்டு இதற்கு மிச்சம் தேடாதீர்கள்.

பதிவு செய்யும் மென்பொருளுக்கு ரீப்பர் போதும். 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், அப்புறம் தனிநபர் உரிமம் 60 டாலர்.

இனி, கடைக்காரர் சொல்லாத விஷயம்: சத்தம். தேவாரத்தில் விருத்தமாக இழுத்துப் பாடி நிறுத்துகிற இடத்தில் பெட்டியின் விசிறி 'உய்ய்' என்று கேட்டால் அந்தப் பதிவு போச்சு. கேபினட் பெரிதாக இருக்கட்டும். 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறிகள் மெதுவாகச் சுற்றியே சூட்டைத் தள்ளிவிடும். கைக்கு அடக்கமான குட்டிப் பெட்டிகள் பார்க்க அழகுதான், ஆனால் அவற்றின் சின்ன விசிறி வேலை கூடினால் கீச்சிடும். முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்ட் மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம், அந்த முதுகைப் பெட்டியின் பக்கம் திருப்பிவையுங்கள். யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டர் வரை போகலாம் என்பதால் பெட்டியை அறையின் மறுமூலைக்குத் தள்ளிவிடவும் வழி உண்டு. சீலிங் ஃபேனை எப்படியும் நிறுத்தத்தான் வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் மாடி அறையில் உங்களுக்கும் வேர்க்கும், கம்ப்யூட்டரும் சூடேறி விசிறியை முடுக்கும். விடியற்காலையில் பதிவதுதான் நல்லது.

அடுத்தது எர்த். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நண்பர் ஒருவர் வீட்டில் எல்லா ட்ராக்கிலும் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். கேபிளை மாற்றினோம், இண்டர்ஃபேஸை மாற்றினோம், இரண்டு நாள் வீண். கடைசியில் பார்த்தால் எர்த் குழாய் மண்ணுக்குள் அரித்துப் போயிருந்தது. உப்புக் காற்றும் ஈர மண்ணும் உள்ள நம் ஊர்களில் இது சாதாரணம். வாங்குவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துவிடுங்கள். எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் போர்டில் செருகுங்கள். இரைச்சல் போகிறதே என்று மூன்றாவது பின்னை மட்டும் கழற்றிவிடாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால் அதன் உறுமலும் பதிவில் ஏறும். சைன் வேவ் என்றால் பரவாயில்லை. கரண்ட் போகும்போது மாறுகிற நொடியில் கம்ப்யூட்டர் அணையாமலிருக்க ஒரு சிறிய யுபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது நாள்கணக்கில் இருட்டில் இருந்தோமே, அந்த மாதிரி நேரத்துக்கு எந்த யுபிஎஸ்ஸும் உதவாது. புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து உருவிவிடுங்கள். பதிவுகளின் ஒரு நகல் வேறு வீட்டில் இருக்கட்டும். ஈரம் ஏறாமலிருக்க, மைக்கை வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் போட்டு மூடுங்கள்.

வாங்கப் போகும்போது, கடையில் கூட்டமில்லாத மதிய வேளையாகப் பாருங்கள். பெட்டியை ஓடவிட்டு, கடையின் ஃபேனை இரண்டு நிமிடம் நிறுத்தச் சொல்லி, ஒரு கை தூரத்தில் காது கொடுத்துக் கேளுங்கள். கேட்கிறது என்றால் வேறு கேபினட் காட்டச் சொல்லுங்கள்.