கேளுங்க, சொல்றோம்: 40 வெள்ளி கட்டித்தான் ஆகணுமா?

கேள்வி: என் பையன் பாலிடெக்னிக் கடைசி வருஷம், பேட்டரி பத்தி புராஜெக்ட் பண்றான். ஒரு ஜர்னல் கட்டுரை வேணுமாம், திறந்தா 40 வெள்ளி கேக்குது, அவன் பாலி லைப்ரரியிலயும் அந்த ஜர்னல் இல்லையாம். இத்தனை யூனிவர்சிட்டி இருக்கிற ஊர்ல லைப்ரரிங்க ஒண்ணுக்கொண்ணு கொடுத்து உதவக்கூடாதா? - வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: கார்டை உள்ள வைங்க அக்கா. எவ்ளோ பெரிய யூனிவர்சிட்டியா இருந்தாலும் உலகத்துல வர்ற எல்லா ஜர்னலையும் வாங்கிக் கட்டுப்படியாகாது, அதனால லைப்ரரிங்க ரொம்ப காலமாவே கொடுத்து வாங்கிட்டுத்தான் இருக்கு. சிக்கல் என்னன்னா, பேப்பர்ல வந்த ஜர்னல் லைப்ரரியோட சொத்து, ஆன்லைன்ல வாங்குறது வெறும் லைசென்ஸ், யார் படிக்கலாம், வெளி லைப்ரரிக்கு ஒரு காப்பி அனுப்பலாமா எல்லாம் ஒப்பந்தத்துல எழுதியிருக்கும். இந்த 40 வெள்ளில கட்டுரை எழுதினவருக்கு ஒரு காசு போகாதுங்கிறது வேற வயித்தெரிச்சல்.

பிசிக்ஸ்காரங்க இதுக்கு ஒரு வழி பண்ணாங்க. ஸ்விட்சர்லாந்துல இருக்கிற செர்ன்கிற பிசிக்ஸ் ஆராய்ச்சி மையத்தோட தலைமையில 2014ல ஸ்கோப்3ன்னு ஒண்ணு ஆரம்பிச்சு, பல நாட்டு லைப்ரரிங்க தனித்தனியா சந்தா கட்டிட்டிருந்த பணத்தை ஒண்ணா சேர்த்து பதிப்பகங்களுக்குக் கொடுக்குறாங்க, அதுல சேர்ந்த ஜர்னல்கள்ல வர்ற அந்தத் துறைக் கட்டுரையை யார் வேணாலும் சும்மாவே படிக்கலாம். ஆனா அது ஹை எனர்ஜி பிசிக்ஸுக்கு, அதாவது அணுவை விடச் சின்ன துகள்களைப் பத்தின ஆராய்ச்சிக்கு மட்டும்தான், பேட்டரி அதுல வராது.

பையனை முதல்ல ஆராய்ச்சிக் கட்டுரை தேடுற கூகுள் ஸ்காலர்ல தலைப்பைப் போட்டு எல்லா வெர்ஷனையும் பாக்கச் சொல்லுங்க, எழுதினவர் வேலை பாக்குற யூனிவர்சிட்டியே இலவச காப்பி போட்டிருக்கலாம், நம்ம ஊர் யூனிவர்சிட்டிங்கள்ல என்டியுவுக்கு டிஆர்-என்டியு, என்யுஎஸ்ஸுக்கு ஸ்காலர்பேங்க்னு தனியா சேமிப்பே இருக்கு. இல்லேன்னா அவன் பாலி லைப்ரரியன் கிட்டயே போய், நம்ம லைப்ரரில இல்ல, வேற லைப்ரரிலேர்ந்து வரவழைக்க முடியுமான்னு கேக்கணும், பசங்க இதுக்குத்தான் கூச்சப்படுறாங்க. போகும்போது கட்டுரையோட டிஓஐ நம்பர், அந்தக் கட்டுரைக்குன்னே இருக்கிற தனி அடையாள எண், 10ன்னு ஆரம்பிக்கும், அதைக் குறிச்சுட்டுப் போனா தேட ஈஸி. எழுதினவருக்கே ரெண்டு வரி ஈமெயில் போட்டாலும் நிறைய பேர் சந்தோஷமா பிடிஎஃப் அனுப்பிடுவாங்க.

எதுவா இருந்தாலும் கொஞ்ச நாள் ஆகும் அக்கா, சப்மிஷனுக்கு முதல் நாள் ராத்திரி ஓடினா எந்த லைப்ரரியாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.